பொம்மைப் படமும் ஹெட்போனும்

ரெண்டு வருஷம் முன்னாடி, கன்டெய்னர் யார்டுல நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு ராயபுரத்துல கும்மிடிப்பூண்டி வண்டி ஏறினேன். ஜன்னலோர சீட் கிடைச்சது. திருவொற்றியூர் வர்றதுக்குள்ள ஒரு எபிசோடு முடிச்சிடலாம்னு ஹெட்போனை மாட்டினேன். கொருக்குப்பேட்டை தாண்டினப்ப பக்கத்துல இருந்த பெரியவர் எட்டிப் பாத்தாரு. "இன்னா நைனா, சோட்டா பீமா?"

சட்டுனு ஃபோனைக் கவுத்து வெச்சேன். அவர் கேட்டதுல நக்கல்கூட இல்ல. ஆனாலும் ஏதோ தப்பு பண்ணி மாட்டிக்கிட்ட மாதிரி இருந்தது. அதே வண்டியில எதிர் சீட்ல ஒருத்தர் சத்தமா ரீல்ஸ் பாத்துக்கிட்டு இருந்தாரு. அவருக்கு எந்தக் கூச்சமும் இல்ல. 29 வயசு ஆள் நான், டிக்கெட் எடுத்து, என் காசுல ரீசார்ஜ் பண்ணி, யார் காதுக்கும் கேக்காம படம் பாத்தேன். எனக்கு ஏன் கூச்சம்?

அன்னையிலேர்ந்து இதைப் பத்தி குறிப்பு எழுதி வெச்சிட்டு வர்றேன். கேள்வி ரெண்டு. அனிமே மேல இவ்வளவு பேருக்கு ஏன் இத்தனை பிரியம்? அந்தப் பிரியத்தை ஏன் ஒளிச்சு வெக்க வேண்டியிருக்கு? ரெண்டுக்கும் பதில் ஒரே இடத்துல இருக்குன்னு இப்ப நினைக்கிறேன்.

முதல்ல "பொம்மைப் படம்"ங்கிற பேரை எடுத்துக்குவோம். நம்ம ஊர்ல வரைஞ்ச படம்னாலே குழந்தைகளுக்குத்தான். அதுக்குக் காரணம் இருக்கு. நாம அதைப் பாத்ததே குழந்தைங்க சேனல்லதான். டோரேமான், ஷின்சான் எல்லாம் தமிழ்ல பேசிக்கிட்டு வந்தது பள்ளிக்கூடம் விட்டு வர்ற நேரத்துல. ஷின்சான் கதை முதல்ல ஜப்பான்ல வந்ததே பெரியவங்க படிக்கிற பத்திரிகையில. இங்க அதைக் குழந்தைங்க நிகழ்ச்சியா ஓட்டினாங்க. பையன் வாய்க்கொழுப்பைப் பாத்து பெத்தவங்க புகார் சொல்லி, 2008ல கொஞ்ச நாள் நிறுத்தவும் செஞ்சாங்க. பெரியவங்க சரக்கைக் குழந்தைங்க கடையில வித்தா இப்படித்தான் ஆகும்.

ஜப்பான்ல "அனிமே"ன்னா எந்த அனிமேஷனா இருந்தாலும் அதுக்குப் பேர் அதுதான். குழந்தைக்கும் உண்டு, ஆபீஸ் போறவனுக்கும் உண்டு, பாட்டிக்கும் உண்டு. இன்னைக்கு நாம பாக்குற பாணி பெரும்பாலும் காசில்லாததால வந்தது. 1963 ஜனவரி 1ஆம் தேதி ஒசாமு தெசுகாவோட 'ஆஸ்ட்ரோ பாய்' டிவியில வர ஆரம்பிச்சது. வாரம் ஒரு எபிசோடு, கையில பட்ஜெட் கிடையாது. சினிமா ஃபிலிம் ஒரு நொடிக்கு 24 ஃப்ரேம் ஓடும். டிஸ்னி மாதிரி பெரிய ஸ்டூடியோ அதுக்கு 12லேர்ந்து 24 படம் வரையும். இவங்க ஒரே படத்தை மூணு ஃப்ரேமுக்கு வெச்சு, எட்டு படத்துல ஒரு நொடியை ஒப்பேத்தினாங்க. பல நேரம் அதைவிடக் கம்மி. உடம்பு அசையாது, வாய் மட்டும் அசையும். கண்ணு பெருசா நிக்கும். பின்னாடி மேகம் நகரும்.

சிக்கனத்துக்காகப் பண்ணின இந்த வேலை பின்னாடி ஒரு பாஷையாவே ஆயிடுச்சு. ஒரு முகத்தை அஞ்சு நொடி அசையாம நிறுத்தினா, பாக்குறவன் அந்த முகத்துக்குள்ள போக ஆரம்பிக்கிறான். 'அஷிதா நோ ஜோ' எடுத்த ஒசாமு டெசாகி, முக்கியமான கட்டம் வந்தா காட்சியை அப்படியே உறைய வெச்சு, தீட்டின ஓவியமா மாத்திடுவாரு. நம்ம சினிமாவுல பாட்டு செய்யுற வேலையை அந்த உறைஞ்ச படம் செய்யும்.

'ஜோ' பத்தி இன்னும் கொஞ்சம் சொல்லணும். எனக்கு அனிமே புரிஞ்சது அதுலதான். இக்கி கஜிவாரா எழுதி தெத்சுயா சிபா வரைஞ்ச படக்கதை, 1968லேர்ந்து 1973 வரை வாராவாரம் வந்தது. டிவி தொடர் 1970ல. கதை நடக்குறது தோக்கியோவுல சான்யாங்கிற இடத்துல. தினக்கூலிக்கு ஆள் எடுக்குற பேட்டை, மலிவு விடுதிகள், சாராயம். அங்க ஒரு பாலத்துக்குப் பேர் கண்ணீர்ப் பாலம். அதுக்கடியில ஒத்தைக்கண் குடிகாரக் கிழவன் ஒருத்தன், பழைய பாக்ஸர். ஊர்சுத்திப் பையன் ஒருத்தனைப் பிடிச்சு குத்துச்சண்டை கத்துக்கொடுக்குறான்.

படிக்கும்போதே உங்களுக்கு வேற ஏதோ ஞாபகம் வந்திருக்கும். 2021ல 'சார்பட்டா பரம்பரை' வந்தப்ப ஊரே கொண்டாடுச்சு. 1970கள்ல வடசென்னையில பரம்பரை பரம்பரையா நடந்த குத்துச்சண்டை, ஹார்பர்ல மூட்டை தூக்கிட்டு சாயங்காலம் கிளவுஸ் மாட்டின ஆளுங்க. அதே பத்தாண்டு, அதே மாதிரி பேட்டை. ஒண்ணு ஆள் நடிச்சது, இன்னொண்ணு ஆள் வரைஞ்சது. ஒண்ணைப் பாத்தா ரசனை, இன்னொண்ணைப் பாத்தா "வயசென்ன ஆகுது உனக்கு?"

எங்க பெரியப்பா சின்ன வயசுல ராயபுரத்துல வாத்தியார்கிட்ட பாக்சிங் பழகினவரு. மேடையில ரெண்டு மூணு சண்டைதான் போட்டிருப்பாரு, ஆனா பேச்சு மட்டும் முப்பது சண்டைக்கு இருக்கும். ஒருநாள் பவர் கட். எல்லாரும் வாசல்ல உக்காந்திருக்க, நான் ஃபோன்ல ஜோ பாத்துக்கிட்டு இருந்தேன். பின்னாடி நின்னு பாத்தவரு, "இன்னாடா இவன், கையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிறான்? இப்டி நின்னா ஒரே குத்துல காலி"ன்னாரு. ஜோவோட பாணியே அதுதான். கார்டை இறக்கி எதிராளியை வரவெச்சு, அவன் கை நீளும்போது அதுமேலயே தன் கையை விட்டுக் குத்துவான். சொன்னேன். "பண்ணலாம், ஆனா மூஞ்சி பேந்துரும்"னு பக்கத்துல உக்காந்துட்டாரு. ஜப்பான் பேச்சு, கீழ இங்கிலீஷ் எழுத்து, ரெண்டும் அவருக்குத் தெரியாது. நான் சொல்லிக்கிட்டே வந்தேன். கரண்ட் வந்தும் எழுந்திரிக்கல. "அந்த ஒத்தைக்கண்ணன் குடியை நிறுத்துவானா?"ன்னு மட்டும் கேட்டாரு. அவரோட வாத்தியாரும் குடிச்சவருதான்னு எனக்கு அப்பதான் தெரியும்.

கதைக்குள்ள ரிக்கிஷின்னு ஒரு எதிராளி. ஜோவோட மோதணும்னு தன் எடையைக் கொடூரமா குறைச்சு, ஜெயிச்சு, செத்துப்போறான். 1970 மார்ச் 24ஆம் தேதி தோக்கியோவுல அந்தக் கதாபாத்திரத்துக்கு நிஜமாவே இறுதிச்சடங்கு நடத்தினாங்க. நாடகக் கலைஞர் ஷூஜி தெராயாமா முன்னின்னு நடத்தினது. கிட்டத்தட்ட 700 பேர் வந்தாங்க. கட்-அவுட்டுக்குப் பால் ஊத்துற ஊர்ல இருக்குற நமக்கு இது புரியாதா என்ன?

நான் வண்டியில மறைச்ச படம் 'ஹாஜிமே நோ இப்போ'. அதுவும் பாக்சிங்தான். இப்போவோட அப்பா கடல்ல செத்தவரு. அம்மா தூண்டில்காரங்களை ஏத்திட்டுப் போற படகு வெச்சு நடத்துறாங்க. பையன் விடியறதுக்கு முன்னாடி எழுந்து படகு வேலை பாத்துட்டுப் பள்ளிக்கூடம் போறான். இரைப்புழுவைத் தொட்ட கைன்னு பசங்க அவனை ஒதுக்குறாங்க. காசிமேட்டுலேர்ந்து கூடையோட பஸ் ஏறுற அம்மாவைப் பாத்து மூக்கைப் பொத்துறவங்களை நான் பாத்திருக்கேன். அந்த மூக்குப் பொத்தலை ஜப்பான்ல ஒருத்தர் எனக்காக வரைஞ்சு வெச்சிருக்காருன்னு தோணுச்சு.

இன்னொரு உதாரணம். மியாசாகியோட 'ஸ்பிரிட்டட் அவே', 2001ல வந்து 2003ல ஆஸ்கர் வாங்கின படம். அதுல கடவுள்கள் குளிக்க வர்ற ஒரு விடுதிக்கு நாத்தம் பிடிச்ச சேத்துப் பூதம் ஒண்ணு வரும். யாரும் கிட்ட போகமாட்டாங்க. வேலைக்கார சின்னப்பொண்ணு அது உடம்புல ஏதோ குத்திக்கிட்டு நிக்கிறதைப் பாத்து இழுப்பா. சைக்கிள் வரும், அது பின்னாடி குப்பை குப்பையா வரும். கடைசியில பாத்தா அது பூதம் இல்ல, ஒரு ஆறு. மியாசாகி ஒரு ஆத்தைச் சுத்தம் பண்ணப் போய் சைக்கிளை இழுத்தெடுத்த அனுபவத்துலேர்ந்து வந்த காட்சி.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரத்துல படிஞ்சப்ப, மீனவங்க வாளியிலயும் மக்குலயும் அள்ளினாங்க. படகு, வலை, கை, கால் எல்லாம் கருப்பு. அதே மாசம் 26ஆம் தேதி ராத்திரி அம்மோனியா கசிஞ்சு ஜனங்க பாதித் தூக்கத்துல தெருவுக்கு ஓடி வந்தாங்க. அதுக்கப்புறம் அந்தக் காட்சியை மறுபடி பாத்தேன். கொசஸ்தலை ஆறு ஞாபகம் வந்து அழுதுட்டேன். அதையும் ஹெட்போன் போட்டுக்கிட்டு, போர்வைக்குள்ளதான்.

இப்ப ரெண்டாவது கேள்வி. ரசிகனைக் கேவலமா பாக்குறது நம்ம ஊர் கண்டுபிடிப்பு இல்ல. அனிமே பொறந்த ஊர்லயே உண்டு. 1983ல அகியோ நகாமோரிங்கிற எழுத்தாளர் இந்த ரசிகர்களைக் கிண்டல் பண்ணித்தான் "ஒதாக்கு"ங்கிற சொல்லைப் பரப்பினாரு. 1989ல குழந்தைகளைக் கொன்ன ஒருத்தன் பிடிபட்டான். அவன் அறை முழுக்க வீடியோ கேசட். அதைப் பத்திரிகைகள் படம் பிடிச்சுப் போட, தனியா உக்காந்து படம் பாக்குற எல்லார் மேலயும் சந்தேகம் விழுந்துச்சு. அது போக வருஷக்கணக்கு ஆச்சு.

நம்ம பக்கமும் இது புதுசில்ல. 1972ல முத்து காமிக்ஸ்ல 'இரும்புக்கை மாயாவி' வந்தப்ப அதைப் பாடப்புத்தகத்துக்குள்ள ஒளிச்சுப் படிச்ச பசங்கதான் இன்னைக்கு "கார்ட்டூன் பாத்து உருப்படாம போற"ன்னு சொல்ற பெரியவங்க. எங்க வீட்லயும் அப்படித்தான். எனக்குப் பொண்ணு பாக்கப் போன இடத்துல, பேச்சு வாக்குல என் மாமா சிரிச்சுக்கிட்டே, "மாப்ள இன்னும் பொம்மைப் படம்தான் பாக்குறாரு"ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அந்த இடம் அமையல. அதுக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். ஆனா அதுக்கப்புறம் ஆறு மாசம் வீட்ல யார் முன்னாடியும் நான் எதுவும் பாக்கல.

குழந்தைத்தனம்ங்கிறது மட்டும் காரணமா இருந்தா, நடிகர் படத்துக்கு பேண்டு வாத்தியத்தோட போய் ஆடுறவங்களையும் அப்படித்தானே சொல்லணும்? சொல்றதில்ல. அது கூட்டமா நடக்குது. எல்லாருக்கும் தெரிஞ்ச முகம், தெரிஞ்ச பாட்டு. அனிமே பாக்குறவன் தனியா பாக்குறான். என்ன பாக்குறான்னு தெரியல, எதுக்கு அழுறான்னு தெரியல. கூட்டமா கத்தினா ரசிகன், தனியா கண்ணைத் துடைச்சா பைத்தியம்.

ஆனா எங்க ஏரியாவுல ஏன் தனியா பாக்குறோம்? ஒத்தை ரூம் வீடு, அஞ்சு பேர். டிவியில அம்மா சீரியல். ஷிஃப்ட் முடிச்சு வந்தா ஒருத்தர் தூங்கணும், ஒருத்தர் கிளம்பணும். அந்த வீட்ல எனக்குன்னு இருக்குற ஒரே ரூம் இந்த ஆறு இன்ச் திரைதான். கதவுக்குப் பதில் ஹெட்போன். அனிமே அந்த ரூமுக்கு நல்லாவே பொருந்துது. இருபது சொச்ச நிமிஷம், ஒரு ரயில் பயணம். நூறு எபிசோடுல ஒருத்தன் மெதுவா, தோத்துத் தோத்து மேல வர்றான். ரெண்டரை மணி நேரத்துல எல்லாத்தையும் ஜெயிக்கிற ஹீரோவைவிட, கான்ட்ராக்ட் வேலையில இருக்குற எனக்கு அவன்தான் நெருக்கம். பிரியம் வர்றதுக்கும் அவமானம் வர்றதுக்கும் காரணம் அந்தத் தனிமைதான்னு சொல்றேன்.

நம்ம பக்கத்துத் தப்பையும் சொல்லிடணும். பெண்களை, அதுவும் சின்னப் பொண்ணுங்களை, அசிங்கமா வரையுற தொடர்கள் இருக்கு. "அது வெறும் வரைபடம்தானே"ன்னு முட்டுக் கொடுக்குற ரசிகர்களும் இருக்காங்க. அதைப் பாத்து ஒருத்தர் முகம் சுளிச்சா அது அவமதிப்பு இல்ல, நியாயம். புதுசா வர்றவனை "உனக்கு இதுகூடத் தெரியாதா"ன்னு மட்டம் தட்டுற பழக்கமும் நம்மகிட்ட நிறைய.

நிலைமை மாறிக்கிட்டும் இருக்கு. 2019ல ரசிகர்கள் இணையத்துல கையெழுத்து வாங்கித்தான் 'வெதரிங் வித் யூ' இந்திய தியேட்டருக்கு வந்தது. 2025 செப்டம்பர்ல 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி கேசில்' தமிழ்லயே பேசிக்கிட்டு வந்தது. தியேட்டர்ல விசில், கத்தல். கூட்டம் சேர்ந்ததும் மரியாதையும் வர ஆரம்பிச்சிடுச்சு. எனக்கு அது சந்தோஷம்தான். ஆனா தியேட்டர்ல கத்தின பையன் மறுநாள் ரயில்ல ஃபோனைக் கவுத்து வெக்காம இருந்தாத்தான் ஏதோ மாறியிருக்குன்னு நம்புவேன்.

நானே இப்பத்தான் பழகுறேன். போன வாரம் விம்கோ நகர் போற வழியில, பக்கத்துல நின்ன காலேஜ் பையன் என் திரையைப் பாத்துட்டு, "அண்ணா, எத்தனாவது எபிசோடு?"ன்னான். சொன்னேன். "அப்ப இன்னும் அந்த ஃபைட் வரல"ன்னு சொல்லி, மேல எதுவும் சொல்லாம வாயை மூடிக்கிட்டான். நல்ல பையன்.

பெரியப்பா ஜோவுல பாதியிலதான் இருக்காரு. ரிக்கிஷி சாகப்போறது அவருக்கு இன்னும் தெரியாது. ஞாயித்துக்கிழமை லீவு. அன்னைக்கு அந்த எபிசோடு வருது. ஹெட்போன் இல்லாமதான் பாக்கப்போறோம்.