வெற்றிலை மறைக்கும் வாய் நாற்றம்

ஊரார் அறிந்திருக்க, உடையவர் மட்டும் அறியாதிருக்கும் குறை ஒன்று உண்டு. அதுவே வாய் நாற்றம். நமது மூச்சின் மணத்துக்கு நமது மூக்கு பழகிவிடுவதால் அது நமக்குப் புலப்படுவதில்லை. நெருங்கியவர்களோ சொல்லக் கூசுகின்றனர். கணவனிடம் மனைவியும், தாயிடம் மகளும் சொல்லாமல் விட்ட அந்த ஒரு சொல், சில வேளைகளில் பெருநோய் ஒன்றைக் காலத்தோடு கண்டறியும் வாய்ப்பையும் கெடுத்துவிடுகிறது.

நாற்றம் பிறக்கும் இடம்

வயிற்றுக் கோளாறே இதற்குக் காரணம் என்பது பலரின் எண்ணம். உண்மையில் பெரும்பாலோருக்கு நாற்றம் பிறக்குமிடம் வாயே. பல்லிடுக்கிலும் ஈறுகளின் ஓரத்திலும் நாவின் அடிப்பகுதியிலும் உணவுத் துணுக்குகள் தங்குகின்றன. காற்றுப் புகாத அவ்விடங்களில் வாழும் நுண்கிருமிகள் அவற்றிலுள்ள புரதத்தைச் சிதைக்கும்போது கந்தகம் கலந்த வாயுக்கள் எழுகின்றன. அழுகிய முட்டையில் வீசும் வாயுவும் அவற்றுள் ஒன்று.

இக்கிருமிகளை ஓயாது கழுவிக்கொண்டிருப்பது உமிழ்நீர். உறக்கத்தில் அது குறைவதனாலேயே காலையில் எல்லாருடைய வாயும் சிறிது நாறுகிறது. நெடுநேரம் நீர் அருந்தாமல் வெயிலில் உழைப்போருக்கும் வாய் உலர்ந்து இதே நிலை உண்டாகும்.

பழக்கமும் பகையும்

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் வெற்றிலை மங்கலப் பொருள் மட்டுமன்று, உழைப்பாளியின் துணையுமாகும். மலையேறிக் கொழுந்து பறிப்பவரும், விடியலில் பால் வெட்டச் செல்பவரும் பசியையும் களைப்பையும் மறக்க ஒரு வாய் வெற்றிலை போட்டுக்கொள்வர். வாய் நாறுகிறதோ என்ற ஐயம் எழுந்தாலும் அதே வெற்றிலையையே மருந்தாக நாடுவர்.

வெற்றிலையின் காரமணம் நாற்றத்தைச் சிறிது நேரம் மூடும், போக்காது. பாக்குத் துணுக்குகள் பல்லிடுக்கில் தங்கும். சுண்ணாம்பும் கறையும் காரையாகப் படியும். ஈறு வீங்கிப் பல்லை விட்டு விலகும். அந்த இடுக்கில் கிருமிகள் குடியேற, நாற்றம் மேலும் மிகும். அதை மறைக்க மீண்டும் வெற்றிலை!

இதனினும் கொடியது வேறொன்று. உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டும் மனிதருக்குப் புற்றுநோயை விளைவிக்கும் என்று 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் அறிவித்தது. பாக்கும் தனியாகவே அவ்வாறு வகைப்படுத்தப்பட்டது. சப்ரகமுவ மாகாண மக்களை ஆராய்ந்து 2010இல் வெளியான ஆய்வு ஒன்றும், புற்றுநோயாக மாறக்கூடிய வாய்க் கோளாறுகளுக்கு வெற்றிலை போடும் பழக்கமே முக்கிய காரணம் எனக் காட்டிற்று. இலங்கை ஆண்களிடையே மிகுந்து காணப்படும் புற்றுநோய்களுள் வாய்ப் புற்றுநோய் முன்னணியில் உள்ளது.

செய்யத் தக்கவை

காலையிலும் இரவிலும் புளோரைட் கலந்த பற்பசையால் பல் துலக்குக. இரண்டில் ஒன்றையும் விடலாகாது. சிறப்பாக இரவில் துலக்கிய பின் எதையும் உண்ணாதிருத்தல் வேண்டும். கரியும் செங்கற்பொடியும் பல்லைத் தேய்த்துவிடும், அவற்றை விலக்குக. நாக்கு வழிப்பது நம் முன்னோர் கண்ட நல்வழக்கம். நாவின் பின்புறம்வரை மென்மையாக வழித்தல் வேண்டும். உண்டபின் வாய் கொப்பளிப்பதும், வேலைக்கிடையே நீர் அருந்துவதும் செலவில்லாத மருந்துகள்.

வெற்றிலைக் கூட்டை அடியோடு விடுவதே நன்று. உடனே இயலாதவர்கள் அதைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு உறங்கும் வழக்கத்தையாவது இன்றே நிறுத்துக.

வைத்தியரை நாடவேண்டிய வேளை

ஈற்றில் இரத்தம் கசிந்தாலும், பல் ஆடினாலும் பல் வைத்தியரிடம் செல்லுக. வாய்க்குள் வெண்மையான அல்லது சிவந்த படலம், இரண்டு வாரத்தில் ஆறாத புண், காரம் பட்டால் எரிவு, வாயை முன்போல் அகலத் திறக்க முடியாமை ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் தாமதித்தல் ஆகாது. வலி இல்லையே என்று வாளாவிருப்பது பெரும் பிழை. தொடக்கத்தில் வலி இராது. அரசாங்க வைத்தியசாலைகளில் இதற்குக் கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம். பல்லும் ஈறும் நன்றாயிருந்தும் நாற்றம் நீங்காவிடில், தொண்டை, மூக்கு நோய்களோ நீரிழிவோ இருக்கின்றனவா என்று வைத்தியர் ஆராய்வார்.

மாணவர்களுக்கு ஒரு சொல். உடன் படிக்கும் பிள்ளையின் வாய் நாறினால் எள்ளி நகையாட வேண்டா. சொத்தைப் பல்லின் வேதனையோடு அப்பிள்ளை வகுப்பில் அமர்ந்திருக்கக்கூடும். வீட்டில் வெற்றிலை போடும் பாட்டி இருந்தால், வெளிச்சத்தில் அமரச் செய்து, "சற்றே வாயைத் திறந்து காட்டுங்கள், பாட்டி" என்று அன்போடு கேளுங்கள். வெண்படலம் எதுவும் கண்ணிற்பட்டால் பெற்றோரிடம் கூறி, அந்த வாரமே அவரை வைத்தியரிடம் அழைத்துச் செல்லச் செய்யுங்கள்.