கொட்டகைத் தரைக்கு ஏற்ற பூச்சு

நிலத்தின் தன்மையை ஆராயாது நெல்லை விதைப்பவனுக்கும், தரையின் தன்மையை ஆராயாது அதன்மேற் பூச்சைப் பூசுபவனுக்கும் வேறுபாடு அதிகமில்லை. இருவரும் கைப்பொருளைச் செலவிட்ட பின்னரே நிலத்தின் இயல்பை அறிந்துகொள்கின்றனர். விதைத்தவனுக்காவது அடுத்த போகம் உண்டு. பூசியவனோ, உரிந்துபோன பழைய பூச்சைச் சுரண்டி அகற்றிய பின்னரே புதியதைப் பற்றி எண்ண முடியும். அவ்வாறு அகற்றுவதற்கு ஆகும் கூலியும் உழைப்பும் முதலிற் பூசுவதற்கு ஆனவற்றிலும் மிகுதியாதல் கூடும். ஆகையால், மோட்டார் வண்டி நிறுத்தும் கொட்டகைக்கோ வீட்டோடு சேர்ந்த பட்டறைக்கோ பூச்சுத் தெரிபவர், கடைக்குச் செல்லுமுன் தமது தரையை அறிந்துகொள்வது இன்றியமையாததாகும்.

பூச்சில்லாத சீமெந்துத் தரை நாளடைவில் மேற்பரப்புத் தேய்ந்து தூளாகின்றது. அத்தூள் கருவிகளிலும் பொறிகளிலும் படிகின்றது. வண்டியிலிருந்து சொட்டும் எண்ணெயைத் தரை உறிஞ்சிக் கறையாக வைத்துக்கொள்கின்றது. பற்றரி அமிலமோ சீமெந்தையே அரித்துவிடுகின்றது. இவற்றைத் தடுப்பதே பூச்சின் தொழில். அழகு அதன் பின்னரே வரும்.

பார்வைக்குக் கல்லைப்போல் இறுகித் தோன்றினும், கொங்கிறீற்று நுண்துளைகள் நிறைந்த பொருளாகும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, மண்ணிலுள்ள ஈரம் அத்துளைகளின் வழியே மேலேறுகின்றது. மேலும், சீமெந்து நீருடன் சேர்ந்து இறுகும்போது கல்சியம் ஐதரொட்சைட்டு என்னும் காரப்பொருள் உண்டாகின்றது. எண்ணெயும் காரமும் சேர்ந்தாற் சவர்க்காரம் உண்டாகும் என்பது யாவரும் அறிந்ததே. கதவுக்கும் யன்னலுக்கும் பூசும் எனாமல் வர்ணம் எண்ணெய் சேர்ந்த பிசினாலானது. அதனை ஈரமேறும் சீமெந்துத் தரையிற் பூசினால், அடியிலுள்ள காரம் அதனை மெல்ல மெல்லச் சவர்க்காரமாக மாற்றிவிடுகின்றது. சில மாதங்களில் வர்ணம் தோல்தோலாக உரிவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே. மீதியாயிருக்கும் எனாமலைக் கொட்டகைத் தரைக்குப் பயன்படுத்தும் சிக்கனம் உண்மையிற் சிக்கனமன்று.

தரையில் ஈரம் ஏறுகின்றதா என்பதை அறிவதற்குச் செலவில்லாத சோதனை ஒன்றுண்டு. ஏறக்குறைய 18 அங்குலச் சதுரமான தெளிந்த பொலித்தீன் தாளொன்றைத் தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாதவாறு ஒட்டுநாடாவினால் ஒட்டிவிட வேண்டும். குறைந்தது 16 மணி நேரம் சென்றபின் தாளை எடுத்துப் பார்த்தால், அதன் அடிப்புறத்தில் நீர்த்துளி படிந்தோ, தரை கறுத்தோ இருப்பின் ஈரம் ஏறுகின்றதென்பது தெளிவு. இச்சோதனையைக் கோடையில் மாத்திரம் செய்வது போதாது. இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் ஐப்பசி முதல் மார்கழி வரையும், தென்மேற்கில் வைகாசி தொடங்கியும் பெருமழை பெய்யும். மழைக்காலத்திற் செய்த சோதனையே நம்பத்தக்கது. வெண்ணிறமாக உப்புப் பூத்த தரையும் ஈரம் ஏறுவதன் அடையாளமே. கொங்கிறீற்று இடுமுன் நிலத்தில் தடித்த பொலித்தீன் தாளை விரித்துவிடுவது ஈரத்தைத் தடுக்கும் மலிவான வழியாகும். புதிதாக வீடு கட்டுவோர் இதனை மறத்தலாகாது.

அடுத்து, தரையின்மேற் சிறிது நீரைத் தெளித்துப் பார்த்தல் வேண்டும். நீர் விரைவில் ஊறிவிட்டால் துளைகள் திறந்திருக்கின்றன எனலாம். தாமரை இலைத் தண்ணீர்போல் திரண்டு நின்றால், அங்கே எண்ணெயோ மெழுகோ பழைய பூச்சோ இருக்கின்றது. நமது பழைய வீடுகளில் மெழுகிட்டு மினுக்கிய சிவப்புச் சீமெந்துத் தரைகள் பல உண்டு. அம்மெழுகை முற்றாக அகற்றாமல் எத்துணை உயர்ந்த பூச்சைப் பூசினும் அது பிடிக்காது. எண்ணெய்க் கறையை முதலிற் கொழுப்பகற்றும் சவர்க்கார நீரால் தேய்த்துக் கழுவுதல் வேண்டும். அமிலம் எண்ணெயைக் கரைப்பதில்லை. புதிய கொங்கிறீற்றாயின் குறைந்தது 28 நாட்களாவது இறுகவும் உலரவும் விடவேண்டும்.

பின்னர் தரையின் மேற்பரப்பைச் சற்றுச் சொரசொரப்பாக்குதல் அவசியம். நீர் கலந்த ஐதரோக்குளோரிக் கமிலத்தால் அரித்தல் ஒரு முறை. வைரத்தூள் பதித்த சக்கரத்தால் அரைத்தல் மற்றொரு முறை. அமிலம் கலக்கும்போது நீரில் அமிலத்தை ஊற்ற வேண்டுமேயன்றி, அமிலத்தில் நீரை ஊற்றுதல் ஆகாது. அதன் ஆவி இரும்புக் கருவிகளைத் துருப்பிடிக்கச் செய்யுமாகையால், அவற்றை முன்னரே அப்புறப்படுத்துதல் நன்று. வேலை முடிந்தபின் அப்பச்சோடா கரைத்த நீரால் மிச்ச அமிலத்தை மாற்றி, பலமுறை நல்ல நீரால் கழுவி, தரையை நன்றாக உலரவிட வேண்டும். அரைத்தலே கூடுதலான பலன் தரும் முறை. ஆயினும், அப்போது எழும் நுண்ணிய சிலிக்காத் தூள் சுவாசப்பையை மீளாத நோய்க்கு உள்ளாக்க வல்லது. தூளை உறிஞ்சும் பொறியும் தக்க சுவாசக் கவசமும் இன்றி அத்தொழிலைச் செய்தலும், செய்வித்தலும் தவறாகும்.

இனி, பூச்சு வகைகளை நோக்குதல் வேண்டும். முதலாவது, சிலிக்கேற்றுக் கரைசல். இது தரையிலுள்ள கல்சியம் ஐதரொட்சைட்டோடு சேர்ந்து துளைகளுக்குள்ளேயே இறுகுகின்றது. மேலே படலம் எதுவும் உண்டாவதில்லை. ஆகையால் உரிவதற்கும் எதுவுமில்லை. ஈரம் ஏறும் தரைக்கு அச்சமின்றி இடத்தக்கது. தூள் கிளம்புவதைக் குறைக்கும். ஆனால் எண்ணெய்க் கறையையும் அமிலத்தையும் முற்றாகத் தடுக்காது.

இரண்டாவது, எப்பொக்சி. பிசினும் கடினமாக்கியும் தனித்தனியே வரும். கலந்ததும் இரசாயனத் தாக்கத்தால் இறுகும். கொங்கிறீற்றை உறுதியாகப் பற்றுவதிலும், எண்ணெய், பெற்றோல் ஆகியவற்றைத் தாங்குவதிலும் இது சிறந்தது. ஆயினும் வெயில் பட்டால் மஞ்சளாகி மங்கும். மெல்லியதாகப் பூசிய மலிவான எப்பொக்சிக்கு மற்றுமொரு பகை உண்டு. தார்வீதியில் ஓடிச் சூடேறிய ரயர் பூச்சை இளக்குகின்றது. ரயரிலுள்ள மென்மையாக்கும் பொருட்களும் பூச்சினுட் செல்கின்றன. பின்னர் ரயர் குளிர்ந்து சுருங்கும்போது பூச்சையும் பிடித்து இழுக்கின்றது.

மூன்றாவது, பொலியூரிதேன். 1937 இல் ஜெர்மனியில் ஒட்டோ பேயர் என்பவர் இதன் அடிப்படையைக் கண்டறிந்தார். தரைகளில் இது பெரும்பாலும் எப்பொக்சியின்மேல் இறுதிப் பூச்சாக இடப்படுகின்றது. கீறலைத் தாங்கும், தரைக்குரிய உயர்ந்த வகைகள் வெயிலையும் தாங்கும். இதற்கு உறவான பொலியஸ்பாற்றிக் என்னும் பூச்சு சில மணி நேரத்திலேயே இறுகிவிடும். காற்றில் ஈரம் மிகுந்தால் மேலும் விரைவாக இறுகுமாகையால், பழகாத கைக்கு அது ஏற்றதன்று. இவ்விரண்டிலும் ஐசோசயனேற்று என்னும் பொருள் சேர்ந்திருப்பதுண்டு. அது ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. எப்பொக்சியின் கடினமாக்கியும் தோலில் ஒவ்வாமையை ஏற்படுத்தும். கையுறையும் காற்றோட்டமும் எல்லாவற்றுக்கும் வேண்டற்பாலன.

விலையை ஒப்பிடுவோர் தகரத்தின் அளவை மாத்திரம் நோக்குதல் ஆகாது. உலர்ந்தபின் தரையில் எஞ்சுவது எவ்வளவு என்பதே கணக்கு. ஒரு லீற்றர் திரவத்தை ஒரு சதுர மீற்றரிற் பரப்பினால் ஒரு மில்லிமீற்றர் தடிப்பாகும். 10 அடி அகலமும் 20 அடி நீளமும் உள்ள கொட்டகை ஏறக்குறைய 18.6 சதுர மீற்றர். அதிற் கால் மில்லிமீற்றர் தடிப்பான படலம் வேண்டுமாயின், ஆவியாகும் பகுதி எதுவுமில்லாத எப்பொக்சி 4.6 லீற்றருக்குச் சற்று அதிகமாக வேண்டும். நூற்றுக்கு 40 பங்கே திண்மமாயுள்ள பூச்சாயின், அதே தடிப்புக்கு 11.6 லீற்றர் தேவைப்படும். தகரத்தின் விலை பாதியாயிருந்தும் தரைக்கு அது மலிவாகாதிருப்பதன் காரணம் இதுவே.

வேலைக்குரிய நேரத்தைத் தெரிவதிலும் கவனம் வேண்டும். காற்றின் வெப்பநிலை 30 பாகை செல்சியசாகவும் ஈரப்பதன் நூற்றுக்கு 80 ஆகவும் உள்ளபோது, பனிபடுநிலை ஏறக்குறைய 26 பாகையாகும். தரையின் வெப்பநிலை பனிபடுநிலையிலும் 3 பாகையாவது கூடியிருத்தல் வேண்டும் என்பது விதி. மழைநாளிலும், தரை குளிர்ந்திருக்கும் விடியற்பொழுதிலும் இவ்விதி எளிதில் மீறப்பட்டுவிடும். அப்போது எப்பொக்சியின் மேல் மெழுகு போன்ற வெண்படலம் தோன்றும். அதைக் கழுவாமல் அடுத்த பூச்சை இட்டால் அது ஒட்டாது. மேலும், கலந்த எப்பொக்சியை வாளியிலேயே வைத்திருந்தால் தன் வெப்பத்தினாலேயே அது விரைவில் இறுகிவிடும். சிறிது சிறிதாகக் கலந்து, கலந்தவுடன் தரையில் ஊற்றிப் பரப்புவதே முறை. பொதுவாக ஒரு நாள் சென்றபின் நடக்கலாம். வண்டியை ஏற்றுவதற்கு ஒரு வாரமேனும் பொறுத்தல் நன்று.

இவையெல்லாவற்றையும் நோக்கும்போது தெரிவு எளிதாகின்றது. தரை உலர்ந்ததாய், நாள்தோறும் வண்டி ஏறி இறங்குவதாய் இருப்பின், தடித்த எப்பொக்சியும் அதன்மேற் பொலியூரிதேனும் பொருத்தமானவை. தச்சுப் பட்டறையாயின் எப்பொக்சி மாத்திரமே போதும். ஆனால் மரத்தூள் படிந்த வழுவழுப்பான தரை வழுக்கும். இறுதிப் பூச்சு ஈரமாயிருக்கையில் நுண்மணலைத் தூவிவிட்டால் காலுக்குப் பிடிப்பு உண்டாகும். ஒட்டுவேலை செய்யும் மூலையைத் தீப்பொறி எரித்துவிடுமாகையால், அவ்விடத்தைப் பூசாமலே விடுதல் நன்று. தரையில் ஈரம் ஏறுமாயின், அதற்கென்றே செய்யப்பட்ட ஈரத்தடுப்பு அடிப்பூச்சை இட இயலாதவர்கள் சிலிக்கேற்றோடு அமைதியடைதல் வேண்டும். அதற்குப் பளபளப்பில்லை, ஆயினும் அடுத்த மழைக்காலத்தில் அதைச் சுரண்ட வேண்டிய தேவையும் இல்லை.