மீதிப் பத்துப் பேர் எங்கே?

அம்பத்தூர்ப் பள்ளி ஒன்றிலிருந்து 130 மாணவர்கள் செம்பரம்பாக்கம் ஏரியைப் பார்க்கப் புறப்படுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பஸ்ஸில் 40 பேர் உட்காரலாம். எத்தனை பஸ்கள் வேண்டும்?

130ஐ 40ஆல் வகுத்தால் ஈவு 3, மீதி 10. வகுத்தல் சரிதான். ஆனால் ‘3 பஸ்கள், மீதி 10’ என்று எழுதினால் அந்தப் பத்துப் பேரும் பள்ளி வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்! ஆகவே விடை 4.

இவ்வளவு எளிய கணக்கில் தவறுவார்களா என்று கேட்கிறீர்களா? 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் 13 வயது மாணவர்களிடம் நாடு தழுவிய தேர்வில் ஒரு கேள்வி கேட்டார்கள். படைவீரர்கள் 1,128 பேர், பஸ்ஸுக்கு 36 பேர், எத்தனை பஸ்கள்? ஏறத்தாழ நூற்றுக்கு 70 பேர் சரியாகவே வகுத்தார்கள். ஆனால் 32 என்று விடை சொன்னவர்கள் நாலில் ஒரு பங்குகூட இல்லை! பலர் ‘31, மீதி 12’ என்று எழுதிவிட்டார்கள். அவர்களுக்கு வகுக்கத் தெரியாமலில்லை. வகுத்த பின் கேள்விக்குத் திரும்பி வரவில்லை.

அப்படியானால் மீதி வந்தால் எப்போதும் ஒன்றைக் கூட்டிவிடலாமா? கூடாது. பூந்தமல்லித் தையற்காரர் ஒருவரிடம் 15 மீட்டர் துணி இருக்கிறது. சட்டைக்கு 2 மீட்டர் தேவை. ஈவு 7, மீதி 1. அந்த ஒரு மீட்டரில் எட்டாவது சட்டை வராது. விடை 7தான்.

இனி ஏரிக்கே வருவோம். செம்பரம்பாக்கத்தின் முழுக் கொள்ளளவு 364 கோடியே 50 லட்சம் கன அடி. புதிதாக நீர் வராமல், விநாடிக்கு 1,000 கன அடி வீதம் வெளியேறினால் ஏரி எப்போது காலியாகும்? ஒரு நாளுக்கு 86,400 விநாடிகள். ஆகவே ஒரு நாளில் வெளியேறுவது 8 கோடியே 64 லட்சம் கன அடி. வகுத்தால் 42 நாட்கள். மீதி 1 கோடியே 62 லட்சம் கன அடி. இந்த நீர் வெளியேற 16,200 விநாடிகள், அதாவது நாலரை மணி நேரம் ஆகும். இங்கே மீதியை விட்டுவிடவும் முடியாது. ஒரு நாளாக்கவும் முடியாது. அது மணிக்கணக்காக மாறுகிறது.

பார்த்தீர்களா? மூன்றும் வகுத்தல்தான். மீதியை என்ன செய்வது என்பதைக் கதைதான் சொல்கிறது.

எனவே தேர்வுக்குப் பழகும்போது கேள்வியை முதலில் உங்கள் சொந்தச் சொற்களில் சொல்லிப் பாருங்கள். விடை வந்ததும் அதைக் கதையில் வைத்துப் பாருங்கள். பொருந்துகிறதா?

இதோ, உங்களுக்கு ஒன்று: ஆவடிக் கடையில் ஒரு பேனா 8 ரூபாய். கையில் இருப்பது 50 ரூபாய். எத்தனை பேனாக்கள் வாங்கலாம்? மீதி 2 இங்கே என்ன ஆகிறது?