'பிரிவென்ட்': பொருள் மாறிய ஓர் ஆங்கிலச் சொல்

ஆங்கில இறையியல் நூல்களைப் பயிலும் மாணவர், தாம் அறியாத சொற்களைவிட, அறிந்தவை எனக் கருதும் சொற்களாலேயே பெரிதும் இடர்ப்படுகின்றனர். அறியாத சொல்லுக்கு அகராதியைப் புரட்டுகிறோம். அறிந்த சொல்லுக்கு அவ்வாறு செய்வதில்லை. 'பிரிவென்ட்' என்னும் வினைச்சொல் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். பள்ளிப் பருவத்திலேயே அதற்குத் 'தடு' என்று பொருள் கற்றுவிடுகிறோம். அப்பொருளை மட்டும் கைக்கொண்டு பழைய ஆங்கிலத் திருமறையையும் பொது ஜெப புத்தகத்தையும் திறப்போமாயின், ஆறுதல் கிடைக்கவேண்டிய இடத்தில் குழப்பமும், கிருபையைக் குறித்துப் பேசும் இடத்தில் முற்றிலும் வேறான ஒரு கோட்பாடும் தோன்றிவிடும். ஆதலின் இச்சொல்லின் வழக்கையும் வரலாற்றையும் ஈண்டு ஆராய்வோம்.

இன்றைய வழக்கு

இன்றைய ஆங்கிலத்தில் இச்சொல், ஒன்று நிகழாதவாறு முன்னதாகவே தடுத்துவிடுதலைக் குறிக்கும். நடந்துகொண்டிருப்பதை நிறுத்துவதற்கு 'ஸ்டாப்' என்னும் சொல் உண்டு. ஒரு செயலைக் கடினமாக்குவதற்கும் தாமதப்படுத்துவதற்கும் 'ஹிண்டர்' என்பது வழங்கும். மழையினால் பயணம் தாமதமாயின் அது 'ஹிண்டர்'. பயணமே நிகழாதுபோயின் அது 'பிரிவென்ட்'. தடுப்பூசி நோய் வருமுன் காப்பதால் அதற்கும் இச்சொல்லே பொருந்தும். ஓர் ஆளைத் தடுப்பதாகக் கூறும்போது, தடுக்கப்படுபவரின் பெயரை அடுத்து 'ஃப்ரம்' என்னும் இடைச்சொல்லும், அதன்பின் தடுக்கப்படும் செயலும் வருவது வழக்கம். இந்த 'ஃப்ரம்' என்பதை நினைவிற்கொள்வோம். பின்னர் அது நமக்குப் பயன்படும்.

சொல்லின் பிறப்பு

'முன்' எனப் பொருள்படும் 'ப்ரே', 'வருதல்' எனப் பொருள்படும் 'வெனீரே' ஆகிய இரு இலத்தீன் சொற்களின் இணைப்பிலிருந்து இச்சொல் பிறந்தது. ஆகவே 'முந்தி வருதல்' என்பதே அதன் முதற்பொருள். அதில் தடை என்னும் கருத்து இல்லை.

அவ்வாறாயின் 'தடு' என்னும் பொருள் எங்ஙனம் வந்தது? நமக்கு முந்திச் சென்று வழியில் நிற்பவர், நம்மை வரவேற்கவும் கூடும். வழியை மறிக்கவும் கூடும். நம் தமிழிலுள்ள 'எதிர்' என்னும் சொல்லை நோக்குக. 'எதிர்கொண்டழைத்தல்' என்பது அன்பின் செயல்; 'எதிர்த்து நிற்றல்' என்பது பகையின் செயல். ஒரே வேரிலிருந்து இருவகைச் சந்திப்புகளும் கிளைக்கின்றன. ஆங்கிலச் சொல்லிலும் இவ்விரு கிளைகளும் இருந்தன. காலப்போக்கில் அன்பின் கிளை பட்டுப்போக, தடையின் கிளை மட்டும் தழைத்தது.

திருமறையில் இச்சொல்

1611ஆம் ஆண்டு வெளிவந்த ஆங்கிலத் திருமறையில் இப்பழம்பொருளைத் தெளிவாகக் காணலாம். சங்கீதம் 119:147இல் பக்தன் விடியற்காலத்திற்கு முந்தி எழுந்து மன்றாடுவதற்கும், மத்தேயு 17:25இல் பேதுரு வாய்திறக்குமுன் ஆண்டவர் பேசுவதற்கும் இச்சொல்லே வருகிறது. பேதுருவின் பேச்சை இயேசு தடுத்தார் என்று இங்கே கொள்ளுதல் தவறாகும்.

சங்கீதங்களில் இதற்கு மூலமாயுள்ள எபிரெய வினை 'கித்தேம்' என்பதாம். முன்பக்கம், கிழக்கு, முற்காலம் ஆகியவற்றைக் குறிக்கும் 'கேதெம்' என்னும் சொல்லோடு உறவுடையது இது. சங்கீதம் 18:18இல் பகைவர் ஆபத்து நாளில் பக்தனுக்கு முன் வருகின்றனர். 21:3இல் ஆண்டவர் ஆசீர்வாதங்களோடு அரசனுக்கு முன் வருகிறார். இரண்டிடத்தும் எபிரெய வினை ஒன்றே. 1611ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பிலும் 'பிரிவென்ட்' என்னும் ஒரே சொல். நம் தமிழ்த் திருமறையோ முன்னதற்கு 'எதிரிட்டு' என்றும், பின்னதற்கு 'எதிர்கொண்டு' என்றும் வேறுபடுத்தி, மூலத்தின் இருமுகத்தையும் ஒரே வேர்ச்சொல்லால் காட்டிவிடுகிறது.

இனி, 1 தெசலோனிக்கேயர் 4:15ஐ எடுத்துக்கொள்வோம். மரித்துப்போன தம் அன்பர் ஆண்டவரின் வருகையில் பங்கின்றிப் போவரோ என்று அச்சபையார் துயருற்றனர். உயிரோடிருப்போர் நித்திரையடைந்தோருக்கு முந்திக்கொள்வதில்லை என்பதே பவுலின் மறுமொழி. கிரேக்கத்திலும் முந்திச் சேர்தலைக் குறிக்கும் வினையே உள்ளது. இதனை 'உயிரோடிருப்போர் மரித்தோரைத் தடைசெய்யார்' என்று படிப்போமாயின், கேளாத கேள்விக்கு விடை கூறியவராவோம். துயருற்றோர் கேட்ட கேள்வியோ விடையின்றி நிற்கும். 1881ஆம் ஆண்டு வெளிவந்த திருத்திய ஆங்கில மொழிபெயர்ப்பு, இவ்விடத்தில் பழஞ்சொல்லை நீக்கி, 'முந்திச் செல்' எனப் பொருள்படும் 'பிரிசீட்' என்னும் சொல்லை அமைத்தது இக்குழப்பத்தைப் போக்கும் தெளிவாகும்.

கிருபைக் கோட்பாட்டில் இச்சொல்

ஆண்டவர் நம் செயல்களிலெல்லாம் நமக்கு முன் செல்லவேண்டுமென 1549ஆம் ஆண்டின் பொது ஜெப புத்தகத்திலேயே ஒரு மன்றாட்டு உண்டு. அதன் தொடக்கச் சொல் 'பிரிவென்ட்' என்பதே. இன்றைய பொருளில் படிப்பவருக்கு, 'எங்கள் செயல்களையெல்லாம் தடுத்தருளும்' என்று வேண்டுவதுபோல் அது தோன்றும். இங்கிலாந்து திருச்சபையின் 39 கோட்பாடுகளுள் 10ஆவதும், கிறிஸ்துவினால் வரும் தேவகிருபை நமக்கு முந்தி வந்தாலன்றி நாம் தேவனுக்கு உகந்ததைச் செய்ய இயலாது என இச்சொல்லைக் கொண்டே கூறுகிறது.

இக்கருத்தின் வேர் அகுஸ்தீனிடம் உள்ளது. இரக்கம் மனிதனுக்கு முந்தி வருவதைச் சங்கீதம் 59:10இலும், அவனைப் பின்தொடர்வதைச் சங்கீதம் 23:6இலும் கண்டு, தொடக்கமும் தொடர்ச்சியும் கிருபையினுடையவை என்று அவர் விளக்கினார். ஜான் வெஸ்லியும் 1785இல் வெளிவந்த தம் அருளுரையொன்றில், மீட்பு இம்முந்தும் கிருபையிலிருந்தே தொடங்குகிறது என்றார். பிற்கால இறையியலார் மயக்கம் நீங்க 'பிரிவீனியன்ட்' என்னும் வடிவத்தைக் கையாளலாயினர்.

வெஸ்லியின் பழைய தொடரைத் 'தடுக்கும் கிருபை' என்று பெயர்ப்போமாயின், பாவத்திலிருந்து விலக்கிக் காக்கும் கிருபை என்றாகிவிடும். அதுவும் நற்கருத்தே, ஆயினும் அவர் கூறியது அதுவன்று. நாம் தேடுமுன்னரே நம்மைத் தேடிவரும் கிருபையையே அவர் கூறினார். ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் மரபுகள் இரண்டும் 1947இல் தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தமையால், இவ்விரு மரபுகளின் நூல்களையும் பயிலும் நம் மாணவர்க்கு இவ்வேறுபாடு இன்றியமையாதது.

பயில்வோர் மனத்திற்கொள்ள வேண்டியவை

முதலாவது, நூல் எழுந்த காலத்தை நோக்குக. இரண்டாவது, வாக்கிய அமைப்பை நோக்குக. ஆளைக் குறிக்கும் சொல் செயப்படுபொருளாக வந்து, அதன்பின் 'ஃப்ரம்' இல்லையாயின், பழம்பொருளோ என்று ஐயுறுதல் நலம். மூன்றாவது, மூலமொழியையும் தமிழ்த் திருமறையையும் ஒப்பிடுக. ஆங்கிலம் மயங்கும் இடத்தில் தமிழ் தெளிவாயிருத்தல் உண்டு.

சொல்லாராய்ச்சி புலமைக்கு அணிகலன் மட்டுமன்று. கல்லறையருகே நிற்கும் குடும்பத்தாருக்கு 1 தெசலோனிக்கேயர் 4ஆம் அதிகாரத்தை வாசிப்பவர் நாமே. அங்கே நாம் அறிவிக்கவேண்டியது, அவர்கள் அன்பர் பின்தள்ளப்படவில்லை என்னும் நற்செய்தி. ஒரு சொல்லின் பொருளைத் தவறவிடுவதால் அச்செய்தி அவர்கட்கு எட்டாது போகலாகாது.