சியர்லீடிங்கை ஆரம்பிச்சதே ஒரு பையன்தான்... இப்போ பசங்களைத் தேடி அலையுறது ஏன்?

2025 ஆகஸ்ட். அமெரிக்கன் ஃபுட்பால் அணியான மினசோட்டா வைக்கிங்ஸ், புது சீசனுக்கான தன் சியர்லீடர்களைக் காட்டி சமூக வலைதளத்தில் ஒரு வீடியோ போட்டது. அதில் இரண்டு ஆண்களும் ஆடினார்கள். அவ்வளவுதான், கமென்ட் பாக்ஸ் பற்றி எரிந்தது. இனி இந்த அணிக்கு ரசிகனாக இருக்க மாட்டேன் என்றார்கள் சிலர். சீசன் டிக்கெட்டை ரத்து செய்யப் போவதாகச் சொன்னார்கள் வேறு சிலர். அணி நிர்வாகம் அசரவில்லை. என்.எஃப்.எல் அணிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அணிகளில் ஆண் சியர்லீடர்கள் இருக்கிறார்கள் என்று பதில் சொல்லிவிட்டு, வேலையைப் பார்க்கப் போனது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கு. சியர்லீடிங் பிறந்த ஊரே மினசோட்டாதான். 1898 நவம்பரில் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் மேட்ச் ஒன்றில், ஜானி கேம்ப்பெல் என்ற மாணவர் ரசிகர்கள் முன்னால் வந்து நின்று, மொத்தக் கூட்டத்தையும் ஒரே குரலில் கத்த வைத்தார். வரலாறு அவரைத்தான் முதல் சியர்லீடர் என்கிறது. ஒரு பையன் தொடங்கிய விஷயத்தை, 127 வருஷம் கழித்து அதே ஊரில் இரண்டு பையன்கள் செய்தால் கோபம் வருகிறது!

இன்னொரு பக்கம், அமெரிக்காவில் சியர்லீடிங்கும் டம்ப்ளிங்கும் சொல்லித்தரும் ஜிம்கள், பசங்களை எப்படி உள்ளே கொண்டுவருவது என்று மண்டையைப் பிய்த்துக்கொள்கின்றன. பசங்க ஏன் காணாமல் போனார்கள், திரும்பக் கொண்டுவர என்ன செய்கிறார்கள், அதில் எது சரி, எது ஆபத்து? பார்ப்போம்.

நாம பார்த்த சியர்லீடிங் வேற!

நம்மில் பலருக்கு சியர்லீடர் என்ற வார்த்தையே 2008 ஐ.பி.எல் மூலமாகத்தான் தெரியும். முதல் மேட்ச்சுக்காக வாஷிங்டன் என்.எஃப்.எல் அணியின் சியர்லீடர்கள் பெங்களூருவுக்கே வந்து ஆடினார்கள். பவுண்டரி போனால் நடனம், சிக்ஸர் போனால் இன்னும் கொஞ்சம் நடனம். நம் மனதில் பதிந்த படம் அதுதான்.

ஆனால், அமெரிக்காவில் சின்னப் பிள்ளைகள் ஜிம்முக்குப் போய்க் கற்றுக்கொள்வது போட்டி சியர்லீடிங். அதில் உற்சாகப்படுத்த வேறு அணி கிடையாது. இவர்களே அணி, இவர்களே போட்டியாளர்கள். 54 அடிக்கு 42 அடி மேட்டில், இரண்டரை நிமிடத்துக்குள் எல்லாவற்றையும் காட்டி முடிக்க வேண்டும். கீழே நின்று தூக்குபவர் ‘பேஸ்’. பின்னால் நின்று தாங்குபவர் ‘பேக்ஸ்பாட்’. மேலே ஏறி நிற்பவர், காற்றில் வீசப்படுபவர் ‘ஃப்ளையர்’. யாராவது ஒருவருக்கு அரை நொடி பிசகினால் மேலே இருப்பவர் கீழே.

டம்ப்ளிங் என்பது நம்ம பாஷையில் குட்டிக்கரணமும் அந்தர் பல்டியும்தான். ஓடி வந்து கையூன்றித் திரும்பி, பின்பக்கமாகக் கையூன்றிப் பாய்ந்து, கடைசியில் கை தரையில் படாமல் காற்றிலேயே ஒரு பல்டி. சியர்லீடிங்கில் இது ஒரு பகுதி. தனி விளையாட்டாகவும் இருக்கிறது. 1932 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் டம்ப்ளிங்குக்குப் பதக்கமே கொடுத்தார்கள். அதுவும் ஆண்களுக்கு மட்டும்! ரோலண்ட் வுல்ஃப் தங்கம் வாங்கினார். மூன்று பதக்கமும் அமெரிக்காவுக்கே போனது. அதற்கு முன்னும் பின்னும் ஒலிம்பிக்கில் டம்ப்ளிங் தனிப்போட்டியாக நடந்ததில்லை.

பசங்க எங்கே போனாங்க?

ஆரம்பத்தில் பல பத்தாண்டுகள் சியர்லீடிங் என்பது ஆண் மாணவர்களின் கௌரவப் பதவி. கேப்டனுக்கு அடுத்த மரியாதை. பின்னாளில் அமெரிக்க அதிபரான ஐசன்ஹோவர், வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் முழங்காலில் அடிபட்டு ஃபுட்பால் ஆட முடியாமல் போனபோது சியர்லீடர் ஆனார். ஜார்ஜ் டபிள்யூ. புஷ் பள்ளிக்கூட நாள்களில் சியர்லீடிங் அணிக்குத் தலைவர்.

பெண்கள் உள்ளே வந்தது 1920-களில், அதுவும் முதலில் மினசோட்டாவில். பிறகு இரண்டாம் உலகப்போர் வந்தது. கல்லூரிப் பையன்கள் போருக்குப் போனார்கள். காலியான இடத்தைப் பெண்கள் நிரப்பினார்கள். போர் முடிந்து பையன்கள் திரும்பினார்கள். ஆனால், அந்த இடத்துக்குப் பெரும்பாலும் திரும்பவில்லை.

1948-ல் லாரன்ஸ் ஹெர்க்கிமர் டெக்சாஸில் தன் முதல் சியர்லீடிங் முகாமை நடத்தினார். ஹெர்க்கிமரே ஓர் ஆண் சியர்லீடர். ‘ஹெர்க்கி’ என்ற தாவலுக்கு அவர் பெயர்தான். அந்த முகாமுக்கு வந்தவர்கள்: 52 பெண்கள், ஒரு பையன்.

1972-ல் டல்லாஸ் கவ்பாய்ஸ் அணியின் சியர்லீடர்கள் புதிய உடையில் மைதானத்துக்கு வந்தார்கள். டி.வி அந்தப் படத்தை வீடு வீடாகக் கொண்டு சேர்த்தது. ‘சியர்லீடிங்னா பொண்ணுங்க விஷயம்’ என்ற முத்திரை அப்படியே ஒட்டிக்கொண்டது.

அந்த ஒரே ஒரு பையன்

பல ஜிம்களில் இன்றைக்கும் 1948 கணக்குதான். ஒரு வகுப்பு நிறையப் பெண்கள், ஓரத்தில் ஒரு பையன். அவனுக்கு பல்டி அடிக்கப் பயமில்லை. நாளைக்கு ஸ்கூலில் எவனாவது வீடியோவைப் பார்த்துவிட்டுக் கிண்டல் பண்ணுவானே என்பதுதான் பயம். ஒன்பது, பத்து வயதில் அந்தக் கிண்டலைத் தாங்க அசாத்தியத் துணிச்சல் வேண்டும். எல்லாப் பையனிடமும் அதை எதிர்பார்ப்பது நியாயமே இல்லை.

அதனால், ஜிம்கள் உண்மையில் தேட வேண்டியது முதல் பையனை அல்ல, இரண்டாவது பையனை. முதல் பையன் எப்படியோ வந்துவிடுவான், பெரும்பாலும் அக்கா தங்கையின் பிராக்டீஸுக்குக் கூட வந்து, பெஞ்சில் உட்கார்ந்து போரடித்து, கடைசியில் மேட்டில் உருள ஆரம்பித்தவனாக இருப்பான். அவன் தங்குவானா, ஓடுவானா என்பதைப் பக்கத்தில் இன்னொரு பையன் இருக்கிறானா என்பதே பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

ஜிம்கள் என்ன செய்கின்றன?

*பெயரை மாற்றுவது.* 2009-ல் தொடங்கிய ‘அமெரிக்கன் நிஞ்ஜா வாரியர்’ டி.வி ஷோவுக்குப் பிறகு, பல ஜிம்னாஸ்டிக்ஸ் ஜிம்களில் ‘நிஞ்ஜா’ வகுப்புகள் முளைத்தன. தாவு, தொங்கு, உருளு, குதி. உள்ளே பார்த்தால் டம்ப்ளிங்கின் அடிப்படைகள் பல அங்கேயே இருக்கும். போர்டு மட்டும் வேற!

*பசங்களுக்கு மட்டும் டம்ப்ளிங் வகுப்பு.* வாரத்தில் ஒரு மணி நேரம். தன்னைப் போல நாலு பேரைப் பார்த்த பிறகு, கலப்பு அணிக்குப் போகும் தயக்கம் குறையும்.

*மூத்த பையன்களைக் கண்ணில் காட்டுவது.* 2020 ஜனவரியில் வந்த நெட்ஃபிளிக்ஸின் ‘சியர்’ தொடர், டெக்சாஸின் நவாரோ கல்லூரி அணியைப் பின்தொடர்ந்தது. ஆணும் பெண்ணும் சேர்ந்த அணி அது. வியர்வை, காயம், அழுகை, திரும்ப எழுவது என எல்லாம் அதில் இருந்தது. ‘இது டான்ஸ்தானே’ என்று நினைத்த பலருக்கும் அது பதிலாக இருந்தது.

*மற்ற விளையாட்டுகளிலிருந்து அழைப்பது.* மல்யுத்தம், ஃபுட்பால் ஆடும் பையன்களிடம் ‘தூக்கிப் பார்க்கிறாயா?’ என்று கேட்பது. சில இடங்களில் கட்டணச் சலுகையும் உண்டு. போட்டி சியர்லீடிங் வருஷத்துக்கு ஆயிரக்கணக்கான டாலர்களை விழுங்கும் விளையாட்டு என்பதால் அது பெரிய தூண்டில். ஆனால், அதே மேட்டில் முழுக் கட்டணம் கட்டும் பெண்ணின் பெற்றோருக்கு அது எப்படி இருக்கும் என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான்.

இழுக்கிற அவசரத்துல நடக்கிற தப்பு

‘இது ஆம்பளைங்க விளையாட்டுதான், பலசாலிகளுக்கானது’ என்று விற்பது எளிது. ஆட்களும் வருவார்கள். ஆனால், அந்த விளம்பரம் கிண்டலுக்குப் பதில் சொல்லவில்லை; கிண்டலை ஒப்புக்கொள்கிறது. பெண்கள் செய்வது மட்டம், ஆகவே நீ செய்வது வேறு என்கிறது. உடம்பு சின்னதாக, நடனம் பிடித்த ஒரு பையன் இந்த விளம்பரத்தைப் பார்த்தால் தனக்கு இங்கேயும் இடமில்லை என்றுதான் நினைப்பான். அவனுக்காகத்தானே கதவைத் திறந்தோம்?

இரண்டாவது, பையனை ஜாக்கி போலப் பயன்படுத்துவது. ‘தூக்க ஆள் கிடைச்சாச்சு’ என்று பேஸ் இடத்தில் நிறுத்திவிட்டு, டம்ப்ளிங் சொல்லித்தராமல் விட்டால், கொஞ்ச நாளில் அவனே கிளம்பிவிடுவான்.

மூன்றாவது, அவசரம். கால் பலம் இருக்கிறது என்று அடிப்படைகளைத் தாண்டி நேராகப் பல்டிக்குத் தள்ளுவது. ‘கரணம் தப்பினால் மரணம்’ என்று நம்ம ஊர் கழைக்கூத்தாடிகளைப் பார்த்து எவரோ சும்மா சொல்லவில்லை. அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்கள் அமைப்பு 2012-லேயே, சியர்லீடிங்கை முறையான விளையாட்டாக அறிவிக்க வேண்டும் என்று கேட்டது. அப்போதுதான் தகுதியுள்ள பயிற்சியாளர், மருத்துவ வசதி, பயிற்சி நேரத்துக்கு வரம்பு எல்லாம் கிடைக்கும் என்பது அதன் வாதம்.

நான்காவதுதான் பேசத் தயங்குவது. ‘சியர்’ தொடரில் உலகமே கொண்டாடிய வீரர் ஒருவர், சிறுவர்களிடம் பாலியல் குற்றம் செய்ததற்காக 2022-ல் 12 வருட சிறைத் தண்டனை பெற்றார். பாதிக்கப்பட்டவர்களில் சியர்லீடிங்குக்கு வந்த பையன்களும் இருந்தார்கள். ‘பையன்தானே, அவனுக்கென்ன ஆகப்போகுது’ என்ற அலட்சியம் எவ்வளவு தப்பு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். பள்ளியில் கிண்டலுக்குப் பயந்து ஜிம்மில் மட்டும் நிம்மதியாக இருக்கும் பையன், அங்கே தப்பு நடந்தால் வெளியில் யாரிடம் சொல்வான்?

சேர்க்கும் முன் என்ன கேட்கணும்?

டல்லாஸிலோ நியூ ஜெர்ஸியிலோ இருக்கும் உங்கள் அக்கா மகன் ‘நானும் சேரட்டுமா?’ என்று கேட்டால், வீட்டில் இதையெல்லாம் கேட்கச் சொல்லுங்கள்:

• வகுப்பில் வேறு பையன்கள் இருக்கிறார்களா? இல்லை என்றால், நண்பன் ஒருவனைக் கூட்டிவரலாமா?

• அடிப்படையிலிருந்து படிப்படியாகச் சொல்லித்தருகிறார்களா? அடுத்த நிலைக்கு எதை வைத்து அனுப்புகிறார்கள்?

• பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் பயிற்சியைப் பார்க்கலாமா? பயிற்சியாளர் தனியாகப் பிள்ளைக்கு மெசேஜ் அனுப்பத் தடை இருக்கிறதா?

• தலையில் அடிபட்டால் என்ன செய்வார்கள்?

இதில் ஏதாவது ஒன்றுக்கு ஜிம் மழுப்பினால், அடுத்த ஜிம்மைப் பாருங்கள்.

சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2021-ல் சியர்லீடிங்கின் உலக அமைப்புக்கு முழு அங்கீகாரம் கொடுத்துவிட்டது. பதக்கப் போட்டியாக ஆகுமா என்பது வேறு கதை. பத்து வயசுப் பையனுக்கு அதெல்லாம் தேவையும் இல்லை. அவனுக்குத் தேவை மெத்தென்ற ஒரு மேட், பொறுமையான ஒரு கோச், பக்கத்தில் கூட உருள இன்னொருத்தன். 1948 முகாமில் 52 பேருக்கு நடுவே நின்ற அந்த ஒரு பையனுக்குக் கிடைக்காதது அந்த மூன்றாவதுதான்.