கரியடுப்பில் இறைச்சி வாட்டும் முன்

வீட்டு மாடியிலோ தோட்டத்திலோ கரியடுப்பு மூட்டி, இறைச்சியைப் புகையில் வாட்டி உண்ணும் வழக்கம் இப்போது பல வீடுகளில் பரவி வருகிறது. சிகிச்சை முடிந்து வீடு திரும்புவோர், "இனி அதை நான் சாப்பிடலாமா?" என்று கேட்பதுண்டு. அதற்கு விடை சொல்லும் முன், அதனினும் அவசரமான ஒன்றைச் சொல்ல விரும்புகிறோம்.

கண்ணுக்குத் தெரியாத வாயு

கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு வெளிப்படுகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுடன், ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்புடன் அது இணைந்துகொள்கிறது. அதனால் மூளைக்கும் இதயத்துக்கும் செல்ல வேண்டிய ஆக்சிஜன் குறைந்துவிடுகிறது.

இறைச்சியைப் புகையில் வாட்டுவோர், தணல் மெதுவாக எரியும்பொருட்டு அடுப்பின் காற்றுத் துளைகளைச் சுருக்கி வைப்பர். காற்று குறையக் குறைய இந்த வாயு மிகுதியாக உண்டாகும். புகை அடங்கிச் செந்தணலாகக் கிடக்கும் கரியும் இதை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே, மழை வந்துவிட்டதென்று அடுப்பைச் சமையலறைக்கோ, கார் நிறுத்துமிடத்துக்கோ, அடைத்த பால்கனிக்கோ கொண்டு செல்லலாகாது. ஜன்னலைத் திறந்து வைப்பதும் மின்விசிறியைச் சுழல விடுவதும் போதிய பாதுகாப்பு ஆகா. உதகை, கொடைக்கானல் போன்ற குளிர்ப் பகுதிகளில் கரியடுப்பை அறைக்குள் வைத்து உறங்கியோர் உயிரிழந்த செய்திகளை நாளிதழ்களில் நாம் படித்திருக்கிறோம்.

தலைவலி, தலைசுற்றல், குமட்டல், குழப்பம் ஆகியவை இதன் அறிகுறிகள். ஒரே இடத்திலுள்ள பலருக்கு ஒரே நேரத்தில் இவை தோன்றினால் உடனே ஐயுற வேண்டும். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரை நம்பி இருந்துவிடாதீர்கள். இந்த வாயு இணைந்த ஹீமோகுளோபினை அக்கருவி பிரித்தறியாது. ஆபத்தான நிலையிலும் அளவு சரியாக இருப்பதுபோலவே காட்டக்கூடும். பாதிக்கப்பட்டவரைத் திறந்த வெளிக்குக் கொண்டுவந்து, 108-ஐ அழையுங்கள்.

எந்தக் கரி நல்லது?

வேதிப்பொருள் சேராத மரக்கரி அல்லது தேங்காய்ச் சிரட்டைக் கரியைத் தேர்ந்தெடுங்கள். கரி நன்கு உலர்ந்திருக்க வேண்டும். ஈரக்கரி மிகுதியாகப் புகையும். எளிதில் தீப்பற்றுவதற்காக எரிபொருள் ஊட்டப்பட்ட கரிக்கட்டிகளைத் தவிருங்கள். வண்ணம் பூசிய பலகை, பூச்சி அரிக்காமலிருக்க மருந்திட்ட மரம், நிலக்கரி ஆகியவற்றை உணவுக்கான அடுப்பில் இடவே கூடாது. மண்ணெண்ணெயோ பெட்ரோலோ ஊற்றிப் பற்றவைத்தல் பெருந்தீக்காயத்துக்கு வழி வகுக்கும். கரியின் மேற்பரப்பில் சாம்பல் நிறம் படர்ந்த பிறகே இறைச்சியை வையுங்கள்.

இறைச்சியைப் பக்குவமாக்கும் முறை

கொழுப்பு உருகித் தணலில் சொட்டும்போது எழும் புகையில், புற்றுநோயை உண்டாக்கவல்ல பென்சோபைரீன் போன்ற பொருட்கள் உள்ளன. அவை இறைச்சியின் மீது படிகின்றன. எனவே கொழுப்பை முன்னரே நீக்கிவிடுங்கள். தணலை ஒருபுறமும் இறைச்சியை மறுபுறமும் வையுங்கள். கருகிய பகுதியை வெட்டி எறியுங்கள். முன்னதாகவே பாதி வேகவைத்து உடனே அடுப்புக்கு மாற்றினால், புகையில் இருக்கும் நேரம் குறையும். கோழி இறைச்சியின் உட்பகுதி 74 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை எட்ட வேண்டும். வெளிப்புறம் சிவந்திருப்பது உள்ளே வெந்ததற்கு அடையாளம் அன்று.

யார் விலகியிருக்க வேண்டும்?

ஆஸ்துமா, நாட்பட்ட நுரையீரல் நோய், இதய நோய் உள்ளோரும் கருவுற்ற தாய்மாரும் குழந்தைகளும் அடுப்பின் அருகே இருத்தல் நன்றன்று. வீட்டில் ஆக்சிஜன் பெறுவோர் தணலை நெருங்கவே கூடாது. கீமோதெரபி பெறுவோரும் உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றோரும், முழுமையாக வேகாத இறைச்சியையும் குறைந்த சூட்டில் புகையூட்டிய மீனையும் அறவே தவிர்க்க வேண்டும். உப்பில் ஊறவைத்துப் புகையூட்டிய இறைச்சி, சிறுநீரக நோயாளிகளுக்கும் இரத்த அழுத்தம் உள்ளோருக்கும் ஏற்றதன்று. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, உப்பிட்டும் புகையூட்டியும் பதப்படுத்தப்பட்ட இறைச்சியை 2015-இல் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் சேர்த்தது.

உணவு முடிந்த பின்

தணலை நீர் ஊற்றி முழுவதும் அணைத்து, சாம்பலை மூடியுள்ள உலோகப் பாத்திரத்தில் இட்டு வெளியிலேயே வையுங்கள். தீக்காயம் பட்டால் 20 நிமிடம் குழாய் நீரில் காட்டுங்கள். பற்பசையோ மையோ தடவாதீர்கள்.

இனி, முதலில் எழுந்த கேள்விக்கு வருவோம். மேற்சொன்ன தடைகள் இல்லாதோர் எப்போதாவது ஒருநாள், சிறிதளவு, கருகாமல் நன்கு வெந்ததை உண்பதில் பெருந்தீங்கில்லை. அன்றாட உணவாக அது வேண்டாம். உங்கள் நோய்க்கு எது பொருந்தும் என்பதை, அடுத்த முறை வரும்போது உங்கள் மருத்துவரிடமோ உணவியல் நிபுணரிடமோ தயங்காமல் கேளுங்கள்.