தலைகீழா டைவ் அடிக்கும் முன்னாடி ஒரு நிமிஷம்: தண்டுவடம் பற்றி

செமஸ்டர் லீவு விட்டாச்சுன்னா நம்ம பசங்க பாதி பேர் ஆத்துலதான் கிடப்பாங்க. பாளையங்கோட்டைப் பக்கம் இருக்கிறவங்களுக்கு சீவலப்பேரி ரொம்பப் பக்கம். சிற்றாறு வந்து தாமிரபரணியில் சேர்ற இடம். குளிக்கிறதுல ஒரு தப்பும் இல்ல. ஆனா கரையில் இருந்தோ பாலத்தில் இருந்தோ தலைகீழா டைவ் அடிக்கிறதுக்கு முன்னாடி, உங்க கழுத்துக்குள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கோங்க.

எலும்பு வேற, வடம் வேற

முதுகெலும்பையும் தண்டுவடத்தையும் நிறைய பேர் ஒண்ணுன்னு நினைக்கிறாங்க. முள்ளெலும்புகளை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கினது முதுகெலும்பு. அதோட நடுவில் இருக்கிற குழாய்க்குள்ள ஓடுற நரம்புக் கற்றைதான் தண்டுவடம். நீளம் சுமார் 45 செ.மீ. தடிமன் ஏறக்குறைய உங்க சுண்டுவிரல் அளவு. கழுத்துக்குக் கீழே நீங்க அசைக்கிற, உணர்ற எல்லாமே கிட்டத்தட்ட இந்த ஒரு கேபிள் வழியாத்தான் போகுது.

இதுக்குப் பாதுகாப்பும் பலமா இருக்கு. வெளியே எலும்பு, உள்ளே மூணு உறை, உறைகளுக்கு நடுவில் அதிர்ச்சியைத் தாங்குற திரவம். வடத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தா நடுவில் பட்டாம்பூச்சி வடிவத்தில் சாம்பல் நிறப் பகுதி தெரியும். அங்கேதான் நரம்பு செல்கள் இருக்கு. சுத்தி இருக்கிற வெள்ளைப் பகுதி மேலேயும் கீழேயும் சிக்னல் கொண்டுபோற இழைகள்.

இன்னொரு விஷயம்: தண்டுவடம் முதுகெலும்போட அடிவரைக்கும் போறதில்ல. இடுப்பின் முதல் அல்லது இரண்டாம் முள்ளெலும்புக்குப் பக்கத்திலேயே முடிஞ்சிடும். அதுக்குக் கீழே நரம்புகள் மட்டும் குதிரை வால் மாதிரி தொங்கும். சிசேரியனுக்கு முதுகில் ஊசி போடும்போது கீழ் முதுகைத் தேர்ந்தெடுக்கிறது இதனாலதான். அங்கே வடம் இல்ல, ஊசி அதைக் குத்துற பயமும் இல்ல.

31 ஜோடி கால்வாய்கள்

தாமிரபரணியில் 8 அணைக்கட்டு, அதில் இருந்து பிரியுற கால்வாய்கள் 11. ஒவ்வொரு கால்வாய்க்கும் அதது பாய்ற வயல் உண்டு. தண்டுவடமும் அப்படித்தான். அதில் இருந்து 31 ஜோடி நரம்புகள் பிரியுது: கழுத்தில் 8, மார்பில் 12, இடுப்பில் 5, திருவெலும்பில் 5, வால் எலும்பில் 1. கழுத்தில் எலும்பு ஏழுதானே, நரம்பு எப்படி எட்டுன்னு கேட்டா, முதல் நரம்பு முதல் எலும்புக்கு மேலேயே வெளியே வந்துடுது. அதான் ஒண்ணு கூடுதல்.

ஆத்துக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. இங்கே போக்குவரத்து ரெண்டு பக்கமும். ஒவ்வொரு நரம்புக்கும் ரெண்டு வேர். பின்பக்க வேர் உணர்வை உள்ளே கொண்டுவரும். முன்பக்க வேர் கட்டளையைத் தசைக்குக் கொண்டுபோகும். சிற்றாறும் தாமிரபரணியும் சேர்ற மாதிரி ரெண்டும் சேர்ந்து ஒரே நரம்பா வெளியே வருது.

சில வேலைகளுக்கு மூளை வரை போகவே வேண்டாம். முழங்காலுக்குக் கீழே டாக்டர் சுத்தியலால் தட்டினா கால் தானா எகிறுதே, அது தண்டுவடமே எடுக்கிற முடிவு.

எந்த இடம், எந்த வேலை

மேலே ஆத்தை அடைச்சா கீழே எல்லாக் கால்வாயும் வறண்டுபோகும். தண்டுவடத்திலும் அடிபட்ட இடத்துக்குக் கீழே உள்ளதெல்லாம் போகும். அதனால உயரம்தான் முக்கியம்.

கழுத்தின் 3, 4, 5-ஆம் நரம்புகள் உதரவிதானத்தை இயக்குது. அதுக்கும் மேலே முழுசா அடிபட்டா மூச்சே தானா வராது, வென்டிலேட்டர் வேணும். 5 தோளையும் முழங்கையை மடக்குறதையும் பார்த்துக்குது. 6 மணிக்கட்டை மேலே தூக்கும். 7 முழங்கையை நீட்டும். 8 விரல்களை மடக்கும். அதாவது ஒரே ஒரு எலும்பு உயர வித்தியாசத்தில், ஒருத்தரால தானே ஸ்பூன் பிடிச்சுச் சாப்பிட முடியுமா முடியாதான்னு முடிவாகுது. மார்புப் பகுதியில் அடிபட்டா கை தப்பிக்கும், கால் போகும். எங்கே அடிபட்டாலும் சிறுநீர், மலக் கட்டுப்பாடு பெரும்பாலும் பாதிக்கப்படும். இதைப் பத்தி யாரும் வெளிப்படையா பேசுறதில்ல.

கணக்கு போட்டுப் பாருங்க

3 மீட்டர் உயரத்தில் இருந்து குதிச்சா தண்ணியைத் தொடும்போது வேகம் என்ன? ரெண்டு தடவை ஜி, பெருக்கல் உயரம், அதுக்கு வர்க்கமூலம். கிட்டத்தட்ட நொடிக்கு 7.7 மீட்டர், அதாவது மணிக்கு 28 கி.மீ. ஆழம் இருந்தா தண்ணி அந்த வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமா குறைக்கும். ஆழம் இல்லேன்னா தலை மணல்லேயோ பாறையிலேயோ நின்னுடும். பின்னாடி வர்ற 60 கிலோ உடம்பு நிக்காது. அந்த மொத்த விசையும் கழுத்தில் இறங்கும். எலும்பு நொறுங்கி அதோட துண்டு வடத்தை நசுக்கும்.

போன வருஷம் ஆழமா இருந்த இடம்தானேன்னு சொல்லாதீங்க. ஒவ்வொரு வெள்ளமும் மணலை இடம் மாத்துது. 2023 டிசம்பர் வெள்ளத்தை நாம எல்லாரும் பார்த்தோம்.

கையில் நரம்பு வெட்டுப்பட்டா அது ஒரு நாளைக்கு சுமார் 1 மி.மீ. வேகத்தில் திரும்ப வளர வாய்ப்பு உண்டு. தண்டுவடத்துக்குள்ள இருக்கிற இழைகள் அப்படி வளர்றதில்ல. இதுக்கு இன்னும் முழுத் தீர்வு கிடையாது.

அடிபட்டவரை எப்படித் தூக்கணும்

பல நேரம் வடம் முழுசா அறுந்துபோறதில்ல. நசுங்கி, வீங்கி இருக்கும். கையைக் காலைப் பிடிச்சு அள்ளி, பைக்ல நடுவில் உக்கார வச்சுக் கொண்டுபோனா மிச்சம் இருக்கிறதும் போயிடும். பனைமரத்தில் இருந்து விழுந்தவருக்கும், பைக் விபத்தில் சிக்கினவருக்கும் இதே விதிதான்.

தண்ணியில் இருந்தா முகத்தை மேலே திருப்பி மிதக்க விடுங்க. திருப்பும்போது தலை, கழுத்து, முதுகு மூணும் ஒரே கோட்டில் இருக்கணும். மூச்சு இருக்கான்னு பாருங்க. இல்லேன்னா முதல் வேலை அதுதான். ஒருத்தர் தலையை ரெண்டு பக்கமும் பிடிச்சு அசையாம வச்சிருக்க, மத்தவங்க பலகை மாதிரி எதையாவது அடியில் கொடுத்துத் தூக்குங்க. 108-க்கு போன் போட்டு, கழுத்தில் அடின்னு தெளிவா சொல்லுங்க. கழுத்து வலி, கை கால் மரத்துப்போறது, ஷாக் அடிச்ச மாதிரி உணர்வு, இதில் ஒண்ணு இருந்தாலும் எழுந்து நடக்க விடாதீங்க.

ஆய்க்குடியில் ஒருத்தர்

அடிபட்டா எல்லாம் முடிஞ்சதுன்னும் இல்ல. ஆய்க்குடி எஸ். ராமகிருஷ்ணன் 1970-களில் நம்மள மாதிரி இன்ஜினியரிங் படிச்சவர். நாலாவது வருஷத்தில் கடற்படை அதிகாரி தேர்வுக்காக பெங்களூர் போனார். அங்கே உடற்தேர்வில் விழுந்து தண்டுவடத்தில் அடிபட்டது. கழுத்துக்குக் கீழே செயலிழந்தது. 1981-இல் சொந்த ஊரில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தனக்குச் சிகிச்சை அளித்த டாக்டர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரைத்தான் அதுக்கு வச்சார். இன்னைக்கு அங்கே மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்குப் பயிற்சியும், தண்டுவடம் பாதிக்கப்பட்டவங்களுக்கு மறுவாழ்வும் கிடைக்குது. 2020-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

மறுவாழ்வுன்னா என்னன்னும் தெரிஞ்சுக்கோங்க. உணர்வு இல்லாததால ஒரே இடத்தில் படுத்திருந்தா புண் வர்றது தெரியாது. அதனால ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்கணும். சிறுநீர் எடுக்கக் கத்துக்கணும். வீல்சேருக்கு மாறக் கத்துக்கணும். இதை வீட்ல அம்மாவோ அண்ணனோ தினமும் செய்யணும்.

அதனால லீவுல ஆத்துக்குப் போங்க, நல்லா குளிங்க. தெரியாத தண்ணியில் முதல்ல நடந்து இறங்குங்க. குதிச்சே ஆகணும்னா, ஆழம் பார்த்துட்டு, கால் முதல்ல போகட்டும். கூட வந்தவன் தலைகீழா குதிக்க நின்னா, வீடியோ எடுக்காம "இறங்குலே"ன்னு சத்தம் போடுங்க.